மருந்தெழுதும் உரிமை
இங்கிலாந்துச் சட்ட வரலாற்றில் ஒரு நோக்கு

வைத்தியத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மருந்துகளின் வரலாற்றையும் அவற்றைக் கண்டறிந்த மேதைகளின் வரலாற்றையுமே எழுதிச் செல்கின்றனர். ஆனால் ஒரு மருந்து நோயாளியின் கையைச் சென்றடைவதற்கு முன் ஒருவர் ஒரு சீட்டில் அதன் பெயரை எழுதிக் கையொப்பமிட வேண்டியுள்ளது. அக்கையொப்பத்தை இடும் உரிமை எவருக்குரியது? கற்றுத் தேர்ந்த வைத்தியருக்கு மட்டுமா, அன்றி நோயாளியின் அருகிருந்து பணிபுரியும் ஏனையோருக்குமா? தாதியரும் வைத்திய உதவியாளரும் மருந்தெழுதலாமா என்று இன்று பல நாடுகளில் எழுந்துள்ள விவாதத்தைப் புதியதெனக் கருதுவோர் பலர். இங்கிலாந்தில் இவ்விவாதம் மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே நீதிமன்றம் ஏறியது. அங்கு அதனைத் தொடக்கிவைத்தவர் ஒரு கசாப்புக் கடைக்காரர்.

எட்டாம் ஹென்றி மன்னன் 1518ஆம் ஆண்டு வழங்கிய சாசனத்தின் மூலம் இலண்டனில் வைத்தியர் கல்லூரி தோற்றம் பெற்றது. 1523இல் பாராளுமன்றம் அதனை உறுதிசெய்தது. இலண்டன் நகரிலும் அதனைச் சூழ்ந்த ஏழு மைல் தூரத்திலும் கல்லூரியின் அனுமதியின்றி எவரும் வைத்தியம் செய்தலாகாது என்பதே அதன் சாரம். கல்லூரி அங்கத்தவர் பல்கலைக்கழகம் சென்று இலத்தீன் கற்ற கனவான்கள்; தொகையிற் சிலர். அவர்களுக்குக் கீழே அப்போத்திக்கரிகள் இருந்தனர். இவர்கள் முதலிற் பலசரக்கு வணிகர் குழுமத்தில் அடங்கியிருந்து, 1617இல் முதலாம் ஜேம்ஸ் மன்னனின் சாசனத்தாற் பிரிந்து தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டவர்கள். வைத்தியர் எழுதுவதை இவர்கள் கலந்து கொடுக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. எழுதுபவர் ஒருவர், இடிப்பவர் வேறொருவர் என்ற இப்பிரிவு மூளை உழைப்புக்கும் உடல் உழைப்புக்கும் இடையில் அக்காலச் சமுதாயம் வகுத்திருந்த வேறுபாட்டின் ஒரு கூறு எனலாம்.

நடைமுறையோ இவ்வாறு இருக்கவில்லை. இலண்டனின் சனத்தொகை பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஏறத்தாழ 5 இலட்சத்தை எட்டியிருந்தது. கல்லூரி வைத்தியர் அத்தனை பேரையும் பார்த்திருக்க முடியாது, பார்க்க விரும்பியதுமில்லை. 1665இல் கொள்ளைநோய் பரவியபோது வைத்தியர் பலர் தம் செல்வந்த நோயாளரைப் பின்தொடர்ந்து நகரை விட்டு நீங்கினர். அப்போத்திக்கரிகளிற் பெரும்பாலோர் தங்கி நின்றனர். நோயுற்றோர் அவர்களிடமே சென்றனர். அவர்களும் எவர் சீட்டுக்கும் காத்திராது மருந்து கொடுத்தனர். கொள்ளைநோய் ஓய்ந்த பின்னரும் இவ்வழக்கம் ஓயவில்லை.

இந்நிலையிலேயே ஜோன் சீல் என்ற கசாப்புக் கடைக்காரர் வில்லியம் றோஸ் என்ற அப்போத்திக்கரியிடம் மருந்து உட்கொண்டார். நோய் தீரவில்லை, ஆனால் ஏறத்தாழ 50 பவுணுக்குக் கணக்கு வந்தது. சீல் வைத்தியர் கல்லூரியிடம் முறையிட்டார். ஏழைகளுக்கென 1698இல் கல்லூரி திறந்திருந்த மருந்தகத்தில் அவர் 40 சிலிங்கிலும் குறைந்த செலவிற் குணமடைந்ததாகக் கூறப்படுகிறது. கல்லூரிக்கு இதைவிடச் சிறந்த வழக்கு வாய்த்திருக்க முடியாது. றோஸ் வைத்தியரின் பணிப்பின்றியும் அனுமதிப்பத்திரமின்றியும் மருந்து கொடுத்தார் என்பதில் ஐயமிருக்கவில்லை. ஆலோசனைக்கெனத் தனிக் கட்டணம் அவர் பெறவில்லை என்பதும் ஒப்புக்கொள்ளப்பட்டது. அரசியின் நீதிமன்றம் கல்லூரியின் பக்கம் தீர்ப்பளித்தது. றோஸ் பிரபுக்கள் சபைக்கு மேன்முறையீடு செய்தார். 1704 மார்ச்சில் அச்சபை கீழ்த் தீர்ப்பை மாற்றியது.

மேன்முறையீட்டில் எடுத்துரைக்கப்பட்ட நியாயங்கள் ஊன்றி நோக்கற்பாலன. நள்ளிரவில் திடீரென நோய் கண்டவர் வைத்தியரைத் தேடி அலைய முடியாது என்பது ஒன்று. ஏழைக் குடும்பங்கள் வைத்தியரின் கட்டணத்தைத் தாங்கமாட்டா என்பது மற்றொன்று. இவற்றோடு மூன்றாவது ஒன்றும் இருந்தது. கீழ்த் தீர்ப்பு நிலைத்தால், பிரபுக்களும் கனவான்களும் தம் வேலையாட்களின் சிறு நோய்களுக்குங்கூட வைத்தியருக்குக் கட்டணம் கொடுத்தே மருந்து பெறவேண்டிவரும் என்பது அது. இவ்வாதத்தைக் கேட்டிருந்தோர் பிரபுக்கள் என்பதை மறத்தலாகாது. ஏழைகளின் பெயரால் வென்ற வழக்கில் எசமானரின் பணப்பைக்கும் ஒரு பங்கு இருந்தது என நான் கருதுவது இதனாலேயே.

எவ்வாறாயினும் அப்போத்திக்கரிகள் மருந்தெழுதும் உரிமையைப் பெற்றனர். ஆயின் அவ்வுரிமை எவ்வடிவிற் கிடைத்தது என்பதே இங்கு முதன்மையானது. ஆலோசனைக்குக் கட்டணம் பெறாமையே றோஸின் எதிர்வாதத்துக்கு அடிப்படையாயிருந்தமையால், அப்போத்திக்கரி தம் அறிவுக்கு ஊதியம் கேட்க இயலாதவராயினார். மருந்துக்கு மட்டுமே விலை பெறலாம். இதன் விளைவை ஊகிப்பது கடினமன்று. நோயாளியின் வீட்டுக்கு நடந்துசென்று, நாடி பார்த்து, இரண்டு மணிநேரம் அருகிருந்து, 'மருந்து வேண்டியதில்லை, ஓய்வு போதும்' என்று கூறிய நேர்மையாளனுக்கு ஒரு சதமும் கிடைக்காது. ஒரு வேளைக்கு ஒரு போத்தலாகக் கசாயங்களை அனுப்பிக்கொண்டிருந்தவனோ செழித்தான். அளவுக்கு மீறி மருந்து கொடுப்போர் என்று அப்போத்திக்கரிகளைப் பழித்தோர், அக்குற்றத்தில் ஒரு பங்கு சட்டத்துக்கும் உரியது என்பதைக் காணவில்லை. 1830ஆம் ஆண்டளவிலேயே, அப்போத்திக்கரி தம் வருகைக்கும் ஆலோசனைக்கும் நியாயமான கட்டணம் கோரலாம் என நீதிமன்றங்கள் ஏற்கத் தலைப்பட்டன.

மற்றொரு குறை இதனிலும் பாரதூரமானது. 1704இன் தீர்ப்பு யார் மருந்தெழுதலாம் என்று கூறியதேயன்றி, எழுதுபவர் என்ன கற்றிருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. 1815இல் நிறைவேறிய அப்போத்திக்கரிகள் சட்டமே ஐந்தாண்டுப் பயிலுநர் காலத்தையும் சங்கத்தின் பரீட்சையையும் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் விதித்தது. உரிமைக்கும் பரீட்சைக்கும் இடைப்பட்ட காலம் 111 ஆண்டுகள். அதற்குள் எத்தனை பேர் அறியாமையாற் கெட்டனர் என்பதை எப்பதிவேடும் கூறாது. கல்லூரி வைத்தியர் தம் ஏகபோகத்தைக் காக்கவே போராடினர் என்பது மெய். ஆனால் பயிற்சியற்றவர் கையில் மருந்து ஆபத்தானது என்ற அவர்களின் வாதம் அதனாற் பொய்யாகிவிடாது. சுயநலமுடையோன் உண்மையும் கூறக்கூடும்.

1815ஆம் ஆண்டுச் சட்டத்திற் சுவையான ஒரு விதியும் உண்டு. வைத்தியர் எழுதிய சீட்டுக்கு மருந்து கலந்துகொடுக்க மறுக்கும் அப்போத்திக்கரி தண்டனைக்குரியவர் என்பது அது. பரீட்சையிற் சித்தியெய்தித் தாமே மருந்தெழுதுபவர் ஆனபின்னரும் அவர் இடிப்பவராகவே மதிக்கப்பட்டார். கவிஞர் ஜோன் கீற்ஸ் இப்பரீட்சையில் 1816இல் தேறியவர் என்பதை ஆங்கில இலக்கிய மாணவர் அறிவர். அவர் தொழிலைக் கைவிட்டமை வைத்தியத்துக்கு நட்டமோ என்னவோ, இலக்கியத்துக்கு இலாபமே.

இச்சட்டத்தின் வழியே உள்ளே புகுந்த மற்றொருவரைக் குறிப்பிடாமற் செல்ல இயலாது. எலிசபெத் கரெற் என்ற பெண்மணி 1860இல் இலண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையிற் தாதியாகச் சேர்ந்து, அங்கிருந்தவாறே வைத்தியம் கற்க முயன்றார். எந்தப் பல்கலைக்கழகமும் அவரை ஏற்கவில்லை. அப்போத்திக்கரிகளின் சட்டத்திலோ பெண்களை விலக்கும் சொல் எதுவுமில்லை. எனவே சங்கம் வேறு வழியின்றி 1865இல் அவருக்கு உரிமப்பத்திரம் வழங்கியது. வழங்கியபின் மற்றொரு பெண் அவ்வழியே வராதவாறு தன் விதிகளை மாற்றிக்கொண்டது. தாதியாக நுழைந்து மருந்தெழுதும் உரிமை பெற்ற அவர், வைத்தியராக மாறியே அதனைப் பெற்றார் என்பது மனங்கொள்ளத்தக்கது. தாதி தாதியாகவே நின்று மருந்தெழுதுவதற்கு மேலும் 129 ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

அப்போத்திக்கரி என்ற சொல் பேரரசோடு கடல் கடந்து எம் நாட்டுக்கும் வந்தது. இங்கிலாந்தில் 1858ஆம் ஆண்டு வைத்தியச் சட்டம் பல்வகையினரையும் ஒரே பதிவேட்டிற் சேர்த்து, அப்போத்திக்கரியைப் படிப்படியாகப் பொது வைத்தியராக மாற்றியது. இலங்கையிலோ 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க வைத்தியக் கட்டளைச் சட்டம் அவரை வைத்தியரிலிருந்து வேறான வகையினராகவே வைத்திருந்தது. தாயகத்தில் மறைந்துகொண்டிருந்த படிநிலை குடியேற்ற நாட்டில் நிலைபெற்றமைக்குக் காரணம் செலவுச் சிக்கனமே என்பது என் கருத்து. கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் முழுப் பயிற்சி பெற்ற வைத்தியரை அனுப்புவதிலும் அப்போத்திக்கரியை அனுப்புவது மலிவானது. இது தனியே ஆராயத்தக்க பொருள். இங்கு விரிப்பிற் பெருகும்.

இங்கிலாந்துக்கு மீள்வோம். 1968ஆம் ஆண்டு மருந்துகள் சட்டம், சீட்டின்றி வழங்கலாகாத மருந்துகளை எழுதும் உரிமையை வைத்தியர், பல்வைத்தியர், மிருகவைத்தியர் ஆகியோருக்கே ஒதுக்கியது. மாட்டுக்கு மருந்தெழுதுபவர் பட்டியலில் இருந்தார். மனிதரைப் பராமரிக்கும் தாதி இல்லை. ஆனால் நோயாளரின் வீடுகளுக்குச் சென்று புண் கழுவிக் கட்டும் சமுதாயத் தாதியே எப்புண்ணுக்கு எக்கட்டுத்துணி பொருந்தும் என்பதை அறிந்தவர். அவர் தீர்மானித்ததை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வைத்தியரின் அறைவாயிலிற் காத்திருப்பார். வைத்தியர் பெரும்பாலும் நோயாளியைக் காணாமலே கையொப்பமிடுவார். பரோனெஸ் கம்பர்லெஜ் அம்மையாரின் தலைமையில் 1986இல் வெளிவந்த அறிக்கை இக்காத்திருப்பைச் சுட்டிக்காட்டி, குறித்த சில பொருட்களையேனும் தாதியர் தாமே எழுத வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1989இல் வைத்தியர் ஜூன் கிறவுணின் தலைமையில் அமைந்த குழுவும் அதனை ஆதரித்தது. தீர்மானித்தவர் ஒருவர், பொறுப்பேற்றவர் வேறொருவர் என்ற நிலை சட்டத்துக்கும் அழகன்று, நோயாளிக்கும் காப்பன்று.

றோஜர் சிம்ஸ் என்ற பாராளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த தனியார் மசோதா 1992இற் சட்டமாயிற்று. ஆயினும் செலவு குறித்த தயக்கத்தால் 1994 வரை அது நடைமுறைக்கு வரவில்லை. வந்தபோதும் எட்டு இடங்களிற் பரீட்சார்த்தமாகவே வந்தது. தாதியருக்கெனத் தொகுக்கப்பட்ட மருந்துக்கோவையைப் புரட்டுவோர் வியப்படைவர். மலமிளக்கி, புண்கட்டும் துணி, பேன் மருந்து, பரசிற்றமோல் போன்றவையே அதில் இடம்பெற்றன. அவற்றிற் சிலவற்றைக் கடையிற் காசு கொடுத்து எவரும் வாங்கலாம்! 1704இல் பரீட்சையின்றி மருந்தகம் முழுவதையும் திறந்துவிட்ட நாடு, 1994இல் பயிற்சி பெற்ற தாதிக்கு ஓர் அலுமாரித் தட்டையே திறந்தது.

அதன்பின் தட்டுக்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி 2002இற் பட்டியல் விரிந்தது. ஆனால் சிறு நோய்கள், சிறு காயங்கள், சுகாதார மேம்பாடு, இறுதிக்காலப் பராமரிப்பு என்ற நான்கு துறைகளுக்குள் அது அடங்கியது. எந்நோய்க்கு எம்மருந்து எனச் சட்டமே முன்கூட்டி எழுதிவைத்தால் நோய்கள் அதற்கு இசைந்து வருவதில்லை. இக்குறையை உணர்ந்த அரசு, பட்டியலைப் பெருக்குவதை விடுத்து 2006 மே மாதத்திலிருந்து பெரும்பாலான மருந்துகளையும் தகுதிபெற்ற தாதியர் தம் ஆற்றலின் எல்லைக்குள் நின்று எழுதலாம் என விதித்தது. அதற்கென 26 நாட் கற்கையும் 12 நாள் மேற்பார்வைப் பயிற்சியும் வேண்டப்பட்டன. பிரித்தானிய மருத்துவச் சங்கம் கடுமையாக எதிர்த்தது. வைத்தியர் ஆண்டுக்கணக்கிற் கற்பதை இவர்கள் வாரக்கணக்கிற் கற்பதா என்ற கேள்வியை வெறும் பொறாமை எனத் தள்ளிவிட நான் தயாராயில்லை. ஆனால் அக்கேள்வி தாதியின் முன்னைய கல்வியையும் பல்லாண்டு அனுபவத்தையும் பூச்சியமாகக் கணிக்கிறது. 2012இல் போதைத்தன்மை கொண்ட கட்டுப்பாட்டு மருந்துகளும், அடிமைப்பட்டோருக்கான சிகிச்சையிற் சில தவிர, இவ்வுரிமையுள் அடங்கின.

வைத்திய உதவியாளரின் கதை வேறு. இவ்வகுப்பு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1965இல், கடற்படையில் மருத்துவப் பணியாற்றித் திரும்பிய நால்வரோடு தொடங்கியது. அங்கு மருந்தெழுதும் உரிமை மாநிலம் மாநிலமாகக் கிடைத்து, 2007இல் இந்தியானாவோடு நிறைவுற்றது. இம்முறையைப் பின்பற்றிப் பிரித்தானியாவிற் பயிற்றப்பட்டவர்களோ நெடுங்காலம் எச்சட்டப் பதிவேட்டிலும் இடம்பெறாதிருந்தனர். 2024 டிசம்பரிற் பொது மருத்துவ மன்றத்தின் ஒழுங்குவிதிக்குள் வந்தபோதும் மருந்தெழுதும் உரிமை அவர்களுக்குக் கிட்டவில்லை. 'இணையர்' என்ற பொருள்படும் அவர்தம் பெயர் நோயாளரை மயக்குகிறது என்றும் 'உதவியாளர்' என்றே அழைக்கவேண்டும் என்றும் 2025 ஜூலையில் வெளிவந்த பேராசிரியர் லெங்கின் மீளாய்வு பரிந்துரைத்தது. பதிவேட்டில் ஏறியும் இன்ன மருந்து தேவையென முன்மொழிய மட்டுமே அவர்களால் இயன்றது. சீட்டு அடுத்த அறையிலிருக்கும் வைத்தியரின் கையொப்பத்துக்காக, 1986இல் சமுதாயத் தாதியின் தாள் காத்திருந்தது போலவே, காத்திருந்தது.