சுண்ணாம்பும் பவளமும்

வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்புக்கும் கண்ணாடித் தொட்டிக்குள் வளர்கிற பவளத்துக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே இருக்கிறது. பவளத்தைச் சுட்டால் சுண்ணாம்பு. அதே சுண்ணாம்பைத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் பவளம் வளரும். இன்னும் கெட்டியாகக் குழைத்தால் பவளத்தின் எதிரி சாகும். இந்த மூன்று கதைகளும் வெவ்வேறு ஊர்களில் நடந்தவை.

முதலில் ஒரு விளக்கம். நகைக்கடையில் விற்கிற சிவப்புப் பவளம் வேறு வகை. பாறை கட்டுகிற பவளம் என்பது கூட்டமாக வாழும் மிகச்சிறிய உயிர்கள். கடல் நீரில் கரைந்திருக்கும் கால்சியத்தை எடுத்து, கால்சியம் கார்பனேட்டால் தங்களுக்கு வீடு கட்டிக் கொள்கின்றன. அவற்றின் உடலுக்குள் ஒரு செல் பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெயிலில் சமைத்துப் போடுகிறது, பவளம் சாப்பிடுகிறது. நிறத்தில் பெரும்பங்கும் பாசி கொடுப்பதுதான். தண்ணீர் சூடானால் இந்தக் கூட்டுக் குடும்பம் உடைகிறது. பாசி வெளியேற, பவளம் வெளுத்துப் போகிறது. வெளுத்ததுமே செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பட்டினி தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இந்த உயிரை வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்ற முயன்ற முதல் ஆட்களில் ஒருவர் ஆன் தின் என்ற ஆங்கிலப் பெண்மணி. 1846-ல் டார்க்கீ கடற்கரையிலிருந்து சில கல் பவளங்களை ஒரு சாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். லண்டனில் கடல் ஏது? இருந்த தண்ணீரையே ஜன்னலோரம் வைத்து, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார், காற்று கலக்க வேண்டும் என்பதற்காக. டீக்கடை மாஸ்டர் டீ ஆற்றுகிற அதே வேலை! ஊற்றியது வீட்டுப் பணிப்பெண் என்பதையும் சொல்லியாக வேண்டும். வரலாற்றில் எஜமானி பெயர்தான் நின்றது. மறுவருடம் கடல் தாவரங்களையும் சேர்த்து வைத்ததும் தொட்டி நிலைபெற்றது. 1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் இல்லம் திறக்கப்படுவதற்கு முன்பே நடந்த கதை இது.

நம் ஊருக்கும் இந்த மோகம் வந்தது. 1909-ல் சென்னை மெரினாவில் கடல் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்கு வித்திட்டவர் அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பைப் பற்றியும் கடல் உயிர்களைப் பற்றியும் 1890-லேயே நூல் எழுதியவர் அவர்.

ஆனாலும் கல் பவளம் தொட்டியில் நீண்ட நாள் பிழைப்பது வெகு காலம் கனவாகவே இருந்தது. 1961-ல் இந்தோனேசியாவின் லீ சின் எங் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகையில் தன் முறையை எழுதினார். உயிர்கள் ஒட்டிய கடற்பாறைகளை அப்படியே தொட்டியில் வைத்து, கொஞ்சம் காற்றுக் குமிழி விட்டார். பாறையில் உள்ள பாக்டீரியாவே கழிவைச் சுத்தம் செய்துவிடும். பிறகு ஐரோப்பாவில் இதனோடு பலமான விளக்கும், நுரையாகக் கழிவைப் பிரித்தெடுக்கும் கருவியும் சேர்ந்தன. சுவிட்சர்லாந்தின் பீட்டர் வில்கென்ஸ் தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பரப்பினார். தொட்டியில் ஆவியாகிக் குறைகிற தண்ணீருக்குப் பதிலாக அதைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். பவளம் வீடு கட்டச் செங்கல் கிடைத்துவிட்டது. மளமளவென்று ஊற்றினால் காரத்தன்மை எகிறி எல்லாம் கெடும்.

செயற்கைக் கடல் உப்பு கடைக்கு வந்தபின் கடலருகே வசிக்க வேண்டிய அவசியமும் போயிற்று. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு போதும். 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகிற கொல்லிமலையில், வாசலூர்பட்டி படகுத்துறைக்குப் பக்கத்து வீட்டில்கூடக் கடல் நீர் தயாரித்துவிடலாம்!

சரி, எதிரிக்கு வருவோம். உயிர்ப்பாறையோடு ஓசியில் வந்து சேருகிற விருந்தாளி ஐப்டேசியா என்னும் கண்ணாடி அனிமோன். பார்க்கச் சின்னத் தென்னங்கன்று மாதிரி இருக்கும். முதலில் ஒன்று, ஒரு மாதத்தில் பத்து, அப்புறம் கணக்கு வைக்க முடியாது. பக்கத்துப் பவளத்தைக் கொட்டிக் கொட்டி ஒடுக்கும். பிய்த்து எறியலாம் என்றால் அடிப்பாதத்தின் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தாலே போதும், புதிதாக முளைக்கும். வெட்ட வெட்டப் பெருகும் ரக்தபீஜன் ரகம். வளர்ப்பவர்கள் பெப்பர்மின்ட் இறாலை விட்டுப் பார்த்தார்கள். ஐப்டேசியாவை மட்டுமே தின்கிற பெர்கியா என்ற ஓடில்லாக் கடல் நத்தையை விட்டார்கள். ஊசியில் எலுமிச்சைச் சாறு ஏற்றினார்கள். அப்புறம் அந்தப் பழைய சுண்ணாம்பையே கெட்டியாகக் குழைத்து அதன் வாயில் வைத்தார்கள். வெந்து போயிற்று. சொட்டாக விட்டால் உணவு, குழைத்து வைத்தால் விஷம்.

ஆனால் பவளம் வாடினால் உடனே அனிமோன் மேல் பழி போடுவது பெரும்பாலும் தவறு. வெப்பம் 24 முதல் 27 பாகைக்குள் இருக்கிறதா, உப்பு சரியா, கால்சியம் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிட்டதா, நைட்ரேட் ஏறிவிட்டதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். ஐப்டேசியா பெருகுவதே மிச்சத் தீனியும் கழிவும் அதிகம் என்பதற்கு அடையாளம்.

இதே கணக்கு மன்னார் வளைகுடாவில் எப்படி நடந்தது? தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள். ஈழத்தில் முருகைக்கல் என்பார்கள். கரைக்காரர்களுக்கு அது கட்டடக் கல், சுண்ணாம்புக் காளவாய்க்கு மூலப்பொருள். கடலில் இறங்கி உடைத்துப் படகில் ஏற்றினால் காசு. காமர்ஸ் மாணவர்களுக்குப் புரியும்படி சொன்னால், முதலையே எடுத்து லாபம் என்று எழுதிய கணக்கு. பாறை போனதும் அலையைத் தடுக்க ஆளில்லை. தூத்துக்குடி பக்கம் விலங்குசல்லி, கீழக்கரை பக்கம் பூவரசன்பட்டி ஆகிய இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. தொட்டியில் ஒரு பவளம் செத்தால் ஒருவருக்கு நஷ்டம், இங்கே ஊருக்கு முன்னால் நின்ற சுவரே போயிற்று. உடைத்தவர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. வாங்க ஆள் இருந்ததால்தான் உடைத்தார்கள்.

1986-ல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா, 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவிப்புகள் வந்தும் உடைப்பது தொடர்ந்தது. 2001-ல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது புலியோடு, சேர்க்கப்பட்டன. 2005 வாக்கில்தான் வெட்டுவது நின்றது. அதே சட்டத்தால் நம் கடலிலிருந்து எடுத்த கல் பவளத்தைத் தொட்டியில் வைப்பதும் குற்றம். கொளத்தூர் மீன் சந்தையில் தொட்டி வாங்கப் போகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

ஐப்டேசியாவுக்கு அண்ணன் ஒருவனும் அங்கே வந்தான். கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடற்பாசி, பாக் நீரிணைப் பக்கம் வருமானத்துக்காக வளர்க்கப்பட்டது. அது குருசடைத் தீவின் உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்து மூடியிருப்பது 2008-ல் தெரியவந்தது. கையால் பிய்த்து எடுத்தார்கள். ஒரு துண்டு தங்கினால் மறுபடி முளைக்கும், அதே கதை. கடலில் சுண்ணாம்புக் குழம்பு வைக்க முடியுமா?

தேய்ந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்க 2015 முதல் கடலடியில் செயற்கைப் பாறை அமைப்புகளை இறக்கினார்கள். மறுவருடமே, 2016 கோடையில், தண்ணீர் சூடேறிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. 2010-லும் அப்படி நடந்திருந்தது. தொட்டி சூடானால் ஒரு மின்விசிறி வைக்கலாம், வளைகுடாவுக்கு எங்கே வைப்பது?

வெளுப்பது எதனால் என்று ஆராய்கிறவர்களுக்குக் கைகொடுத்தது யார் தெரியுமா? அந்த ஐப்டேசியாதான்! அதன் உடலிலும் பவளத்தைப் போலவே பாசி குடியிருக்கிறது. பாசி போனாலும் தீனி போட்டால் அது சாகாது, திரும்பவும் பாசியைக் குடியேற்றலாம். பவளத்தை வைத்து இவ்வளவு சுலபமாகச் செய்ய முடியாது. 2015-ல் அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். வீடுகளில் ஊசியோடு துரத்தப்படும் அந்த அனிமோனை ஆய்வுக்கூடங்களில் தீனி போட்டு வளர்க்கிறார்கள்.