காசும் ஓர் அமானிதமே

நமது மத்திய வங்கி 1950 ஓகஸ்ட் 28இல் ஆரம்பமானது. 1949இன் நாணய விதிச் சட்டப்படி திறைசேரிச் செயலாளரும் நாணயச் சபையில் இருந்தார். கடன் கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் ஒரே மேசை! அளவுமீறிக் காசு அச்சிட்டதும் ஒரு காரணமாக, 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதம். பள்ளிவாசல்துறையில் நாமும் அதன் சுமையைச் சுமந்தோம்.

2023இன் 16ஆம் இலக்கச் சட்டம் செயலாளரைச் சபையிலிருந்து விலக்கியது. அரசுக்கு வங்கி நேரடியாகக் கடன் கொடுப்பதைப் பொதுவாகத் தடுத்தது. பணவீக்க இலக்கு தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் தவறினால், காரணத்தைப் பாராளுமன்றத்துக்கு எழுத்தில் சொல்லவேண்டும். அந்த அறிக்கை மக்களுக்கும் உரியது.

அதே நவம்பரில் உயர் நீதிமன்றம், முன்னாள் ஆளுநர்கள் இருவர் உட்படச் சிலர் பொதுமக்களின் நம்பிக்கையை மீறியதாகத் தீர்ப்பளித்தது. நம் பேச்சில் அதுதான் அமானிதம். சட்டம் தந்த சுதந்திரமும் அமானிதமே. அறிக்கை வந்தால் வாசிப்போம், கணக்குக் கேட்போம்.