பெட்டியடியும் கல்லூரி வாணிபமும்

பர்மாவில் நகரத்தார் நடத்திய வட்டிக் கடைகளிலே பெட்டியடிப் பையன் என்றொரு நிலை இருந்தது. பணப்பெட்டியருகே அமர்ந்து, ஏவிய பணி செய்து, பேரேடும் ஐந்தொகையும் எழுதும் முறையைப் பெரியோர் பக்கலிலிருந்தே கற்றுக் கொள்பவன் அவன். அவனுக்கு மேல் அடுத்தாள். அடுத்தாளுக்கு மேல் கடைப்பொறுப்பேற்ற ஏஜண்டு. பையன் எண்ணைப் பிழைபட எழுதினால், பிழை முற்றி இழப்பாகுமுன் பெரியவர் கண்ணிற் படும். 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பால் அக்கடைகள் கலைந்தன. அப்பயிற்சி முறையும் உடன் தேய்ந்தது.

இந்நாளிற் கல்லூரியிற் பயின்றுகொண்டே சிறு வாணிபம் செய்யும் மாணாக்கர் பலர். அவர்க்குப் பெட்டி உண்டு. பெட்டியடியிற் பெரியவர் இலர். இக்குறையை அரசினர் உணராமலில்லை. 1982-இல் மத்திய அரசினர் தொழில்முனைவோர் வளர்ச்சிக்கென அறிவியல் துறையின்கீழ் ஒரு வாரியம் கண்டனர். 1986-இல் திருச்சிராப்பள்ளி வட்டாரப் பொறியியற் கல்லூரியைச் சார்ந்து தொழில்முனைவோர் பூங்கா எழுந்தது; கோவைப் பூ. சா. கோ. கல்லூரியில் 1998-இல் மற்றொன்று. சென்னை ஐ.ஐ.டி.யின் பழைய மாணாக்கர் இருவர் அதன் அரவணைப்பில் 2013-இல் தொடங்கிய ஏத்தர் மின்வண்டித் தொழிலுக்குப் பின்னர் ஓசூரில் ஆலையே அமைந்தது. நன்று. ஆயினும் இவையெல்லாம் பெரும்பாலும் பொறியியல் பயில்வோர் வாயில்கள். கலைக்கல்லூரிப் பிள்ளை எங்கே செல்வான்?

நம் அடி அண்ணாமலைப் பிள்ளையொருவன், எம்மிடம் தமிழ் பயின்றவன், ரிகார்டு நோட்டுகளை மொத்தமாய் வாங்கி உடன்பயில்வோர்க்கு விற்று வந்தான். தேர்வுக் கட்டணம் கட்டப் பணமில்லாது ஒருநாள் எம்மிடம் வந்து, “ஐயா, எல்லாம் போயிற்று” என்றான். யாம் கணக்கைப் பாராமலே, “வாணிபத்தை விடு, படிப்பைப் பார்” என்று கடிந்தோம். இலக்கணம் கற்பிப்பார்க்கு அஃது எளிய விடை.

கிரிவலப் பாதையில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் சங்கத்து அன்பர் அந்நோட்டை வாங்கிப் புரட்டினார். நட்டம் ஏதுமில்லை, 34 பேரிடம் கடன் நின்றது. கட்டணப் பணமும் சரக்குப் பணமும் ஒரே பையிற் கிடந்தன. அவ்வளவே. கட்டணத்தை அன்பரே கைமாற்றாய்த் தந்தார்; இரண்டு திங்களிற் கடன் பெரும்பாலும் வசூலாகி அதுவும் தீர்ந்தது. எம் சொல்லைக் கேட்டிருந்தால் அப்பிள்ளை தன்னைத் தோற்றவனென்றே நம்பியிருப்பான்.

நம் சங்கம் ஆண்டுதோறும் கல்வி உதவித்தொகை வழங்குகின்றது. அத்துடன் வாணிபம் நடத்தும் உறுப்பினர் ஒருவர்க்கு ஒரு பிள்ளையாக ஒப்படைத்தல் ஆகாதா என்று செயற்குழுவினரைக் கேட்டிருக்கின்றோம். இப்பொழுது அவன் ஞாயிறுதோறும் நோட்டுடன் மளிகைக் கடைக்குச் செல்கின்றான். யாமும் உடனிருந்து கேட்கின்றோம். ஐந்தொகை கட்டுவது எமக்கு இன்னும் கைவரவில்லை.