கோர் பேங்க்ஸ் கடற்கரைக் குடில்கள்

கோர் பேங்க்ஸ் கடற்கரைக் குடில்கள் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலக் கடலோரத்தில், பாலமோ தார்ச்சாலையோ இல்லாத மணல் தீவுகளில் அமைந்த எளிய மரவீடுகள். கேப் லுக்அவுட் தேசியக் கடற்கரை என்னும் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் இரண்டு இடங்களில் இவை கட்டப்பட்டன. தென் கோர் பேங்க்ஸ் தீவில் உள்ளது கிரேட் ஐலண்ட் முகாம். வட கோர் பேங்க்ஸ் தீவில் இருந்தது லாங் பாயிண்ட் முகாம். தூண்டில் போட வந்தவர்கள் இரவு தங்கிய கொட்டகைகளிலிருந்து வளர்ந்த இக்குடில்களைத் தேசியப் பூங்காப் பணித்துறை வாடகைக்கு விட்டுவந்தது. மின்கம்பி, கடை, உணவகம், மருத்துவமனை எதுவும் அத்தீவுகளில் இல்லை. சமைக்க அடுப்பு, படுக்கக் கட்டில், குளிக்கத் தண்ணீர் ஆகிய மூன்றும் குடிலில் கிடைக்கும். மற்றவற்றில் பெரும்பாலானவை வருபவர் கையோடு கொண்டுவர வேண்டியவை.

இந்தக் கடற்கரைப் பகுதி வடக்கே ஓக்ரகோக் முகத்துவாரத்திலிருந்து தெற்கே போஃபர்ட் முகத்துவாரம் வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளம் கொண்டது. வட கோர் பேங்க்ஸ், தென் கோர் பேங்க்ஸ், ஷாக்கிள்ஃபர்ட் பேங்க்ஸ் ஆகியவை இதன் முக்கியத் தீவுகள். மூன்றும் தடுப்புத் தீவு என்னும் வகையைச் சேர்ந்தவை. கரைக்கு இணையாக நீண்டு கிடக்கும் ஒல்லியான மணல்மேடே தடுப்புத் தீவு. அதன் ஒரு பக்கம் திறந்த கடல். மறு பக்கம் அலையடங்கிய, ஆழமில்லாத கழி. பழவேற்காடு ஏரியை வங்காள விரிகுடாவிலிருந்து பிரித்து நிற்கும் ஸ்ரீஹரிகோட்டா இவ்வகைத் தீவுக்குத் தமிழர் அறிந்த உதாரணம். கோர் பேங்க்ஸுக்கும் நிலப்பகுதிக்கும் நடுவே உள்ள கழியின் பெயர் கோர் சவுண்ட். பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான் நிற்கும். ஆனால் காற்று வலுத்தால் சிறு படகுக்கு அதுவே போதுமான ஆபத்து.

குடில்கள் ஏன் இவ்வளவு எளிமையாக இருக்கின்றன என்பதை அறிய, தீவு நகர்வதை முதலில் அறிய வேண்டும். தடுப்புத் தீவு ஓரிடத்தில் நிற்பதில்லை. புயல் நாட்களில் கடல்நீர் மணல்மேட்டின் தாழ்ந்த இடங்களில் ஏறிக் கடந்து, கடற்புறத்து மணலை வாரிக் கழிப்புறத்தில் விசிறிபோல் பரப்பிவிடுகிறது. அந்த மணல்மீது சில மாதங்களில் புல் துளிர்க்கிறது. கழியோரத்தில் புதிய உவர்ச்சதுப்பு உருவாகிறது. முன்னால் இழந்ததைப் பின்னால் சேர்த்துக்கொண்டு, தீவு முழுவதுமாக மெல்லப் புரண்டு நிலத்தை நோக்கி நகர்கிறது. கடைசிப் பனியூழி முடிந்து கடல்மட்டம் உயரத் தொடங்கிய காலம் முதல் இத்தீவுகள் இப்படித்தான் மூழ்காமல் பிழைத்து வந்திருக்கின்றன.

இதைத் தெளிவாக எடுத்துக்காட்டிய களமும் கோர் பேங்க்ஸ்தான். வடக்கே உள்ள ஹாட்டரஸ் தீவில் 1930-களில் அரசு வேலைத்திட்டங்களின் கீழ் நீண்ட செயற்கை மணல்மேடுகள் எழுப்பப்பட்டன. அவற்றை நம்பிச் சாலையும் வீடுகளும் வந்தன. கோர் பேங்க்ஸ் பெரும்பாலும் அதன்போக்கில் விடப்பட்டது. பால் காட்ஃப்ரே என்னும் சூழலியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970-களின் தொடக்கத்தில் இரண்டையும் ஒப்பிட்டனர். செயற்கை மேடு அலையின் வலுவைத் தன் காலடியிலேயே வாங்கிக் கடற்கரையை ஒடுக்குகிறது. திறந்து கிடக்கும் தீவோ அலையை உள்ளே விட்டு வலுவிழக்கச் செய்கிறது என்பது அவர்கள் கண்டது. 1973-இல் பூங்காப் பணித்துறை மணல்மேடுகளைக் கட்டிக் காக்கும் கொள்கையைக் கைவிட்டதில் இத்தகைய ஆய்வுகளுக்குப் பங்கு உண்டு. அகன்ற வெண்மணல் பரப்பும், தாழ்ந்த மேடுகளும், கடல் ஓட்ஸ் எனப்படும் உயர்ந்த புல்லும் சேர்ந்த கோர் பேங்க்ஸின் இன்றைய தோற்றம் அப்படிப் பிழைத்ததே. இந்நிலத்தில் கனத்த அஸ்திவாரம் போடுவது வீண். மரத்தூண்கள்மேல் ஏற்றிவைத்த, போனால் போகட்டும் என்று விடத்தக்க பலகை வீடே இங்கே பொருத்தமானது.

இதை மக்கள் ஆய்வுகளுக்கு வெகுகாலம் முன்பே பட்டு அறிந்திருந்தனர். 1753-இல் சட்டப்படி நிறுவப்பட்ட போர்ட்ஸ்மத், வட கோர் பேங்க்ஸின் வடமுனையில் துறைமுக ஊராகச் செழித்தது. பெரிய கப்பல்களின் சரக்கை ஆழங்குறைந்த படகுகளுக்கு மாற்றுவதே அவ்வூரின் தொழில். 1846-இல் வந்த புயல் ஹாட்டரஸில் புதிய முகத்துவாரத்தைத் திறந்துவிட, கப்பல்கள் அந்த வழியே போகத் தொடங்கின. அதன்பின் அமெரிக்க உள்நாட்டுப் போரும் வந்தது. ஊர் சிறுகச்சிறுகக் கரைந்து, 1971-இல் கடைசிக் குடியிருப்பாளர்களும் வெளியேறினர். வீடுகளும் தேவாலயமும் இன்றும் பராமரிக்கப்படுகின்றன. குடியிருக்க ஆள் இல்லை.

ஷாக்கிள்ஃபர்ட் தீவில் இருந்த டயமண்ட் சிட்டியின் கதை இன்னும் உருக்கமானது. கரையிலிருந்தே திமிங்கல வேட்டைக்குப் படகு இறக்கிய மீனவர் ஊர் அது. 1899 ஆகஸ்டில் சான் சிரியாக்கோ எனப்படும் சூறாவளி கிணறுகளையும் தோட்டங்களையும் உப்பாக்கி, கல்லறைகளையும் அரித்தது. ஊரார் தங்கள் வீடுகளைப் பிரித்துப் படகுகளில் ஏற்றிக் கழியைக் கடந்து, ஹார்க்கர்ஸ் ஐலண்டிலும் மோர்ஹெட் சிட்டியிலும் மீண்டும் நிறுத்தினர். ஓரிரு ஆண்டுகளில் அங்கே ஊரே இல்லாமல் போனது.

குடியிருந்தவர்கள் போன பிறகும் கரையூர்க்காரர்கள் மீனுக்காகவும் வாத்து வேட்டைக்காகவும் தீவுகளுக்கு வந்துகொண்டுதான் இருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிடைத்த பலகை, தகரம், அலை ஒதுக்கிய மரம் ஆகியவற்றைக் கொண்டு கொட்டகைகள் எழுந்தன. டேவிஸ், அட்லாண்டிக் ஆகிய சிற்றூர்களிலிருந்து படகோட்டும் குடும்பங்கள் வெளியூர்த் தூண்டில்காரர்களை அழைத்துவந்து தங்கவைக்கத் தொடங்கின. கரையில் ஓட்ட முடியாத பழைய கார்கள் தீவுக்குக் கொண்டுவரப்பட்டு, உப்புக்காற்றில் துருப்பிடித்து நின்றபின் அங்கேயே கைவிடப்பட்டன. 1966 மார்ச் 10 அன்று தேசியக் கடற்கரை அமைக்க அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. மாநில அரசு நிலங்களைத் திரட்டிக் கூட்டாட்சி அரசிடம் ஒப்படைத்தபின், கார்களும் பல கொட்டகைகளும் அகற்றப்பட்டன. தலைமுறைகளாக வந்துபோன குடும்பங்களுக்கு அது ஆறாத வருத்தம்; அந்த வருத்தம் நியாயமானதே. இரண்டு மீன்பிடி முகாம்கள் மட்டும் தனியார் உரிமத்தின்கீழ் தொடர்ந்து, பின்னாளில் பூங்காப் பணித்துறையின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தன.

கிரேட் ஐலண்டுக்கு டேவிஸிலிருந்தும், லாங் பாயிண்டுக்கு அட்லாண்டிக்கிலிருந்தும் படகு புறப்படும். தட்டையான அடிப்பாகம் கொண்ட வாகனப் படகுகள் ஒரு நடைக்குச் சில வண்டிகளை ஏற்றி, ஆழமுள்ள தடம் பார்த்து வளைந்து வளைந்து கழியைக் கடக்கின்றன. நான்கு சக்கரமும் இயங்கும் வண்டிதான் தீவில் உதவும். அதற்குத் தனி அனுமதிச்சீட்டும் வாங்க வேண்டும். டயர்க் காற்றைக் குறைத்துக்கொண்டு மணலில் இறங்குவது முதல் பாடம். காற்று குறைந்த டயர் அகன்று படிந்து மணலில் புதையாமல் உருளும். மணல்மேடுகளின் மேல் ஏறுவதற்குத் தடை உண்டு. புல்லின் வேர்தான் மேட்டைப் பிடித்துவைத்திருக்கிறது. ஒரே சக்கரத்தடம் போதும், காற்று அதில் வாய்க்கால் வெட்டிவிடும். கடற்கரை மணலும் மேட்டுக்குப் பின்னால் ஓடும் மண்தடமும் மட்டுமே பாதை.

கிரேட் ஐலண்டில் இருபதுக்கும் மேற்பட்ட குடில்கள் இருந்தன. நால்வர் தங்கும் சிறு குடில் முதல் பன்னிருவர் தங்கும் பெரியது வரை அளவு மாறும். உள்ளே அடுக்குக் கட்டில்கள், மெத்தை, மேசை நாற்காலி, புரோப்பேன் எரிவாயு அடுப்பு, கழிப்பறை, குளியலறை இருக்கும். வெந்நீரும் எரிவாயுவால்தான். விரிப்பு, தலையணை, பாத்திரம், டார்ச் ஆகியவை வருபவருடையவை. விளக்கும் விசிறியும் வேண்டுவோர் சொந்த ஜெனரேட்டரை இணைத்துக்கொள்ள சில குடில்களில் வசதி செய்யப்பட்டிருந்தது. குளிர்பதனப் பெட்டி கிடையாது. ஆகவே இரண்டு மூன்று ஐஸ்பெட்டிகள் இல்லாமல் யாரும் படகேறுவதில்லை: ஒன்று சாப்பாட்டுக்கு, ஒன்று மீனுக்கு. முகாம் அலுவலகத்தில் ஐஸ் கட்டியும் பெட்ரோலும் விற்கப்படும். குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்வது விதி.

தீவில் நல்ல தண்ணீர் எப்படி வருகிறது என்பது வியப்பூட்டும் விஷயம். மணலில் இறங்கும் மழைநீர், எடை மிகுந்த உப்புநீரின்மேல் கலக்காமல் வில்லைபோல் மிதந்து நிற்கிறது. கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டி நீர் எடுப்பவர்கள் நம்புவதும் இந்த வில்லையைத்தான். கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்துக்கு அது இறங்கி நிற்க முடியும். ஆனால் ஒடுங்கிய தீவில் வில்லை மெலிந்தே இருக்கும். அதிகம் இறைத்தாலும், கடல் ஒருமுறை மேலேறினாலும் உப்பாகிவிடும். டயமண்ட் சிட்டியின் கிணறுகளுக்கு நேர்ந்தது அதுதான். குடிக்கும் தண்ணீரைக் கரையிலிருந்தே கொண்டுவருவோர் பலர்.

வழக்கமாகக் குடில்கள் மார்ச் நடுப்பகுதி முதல் நவம்பர் வரை திறந்திருக்கும். இக்காலத்தின் உச்சம் இலையுதிர் பருவம். தண்ணீர் குளிரத் தொடங்கும்போது மடவைக் கூட்டங்கள் கழியிலிருந்து வெளியேறிக் கரையோரமாகத் தெற்கே போகும். அவற்றைத் துரத்திப் பெரிய மீன்கள் அலைவாயிலுக்கே வரும். தமிழகக் கத்தாளையின் இனத்தைச் சேர்ந்த சிவப்பு டிரம் என்னும் மீனுக்காகவே தொலைவிலிருந்து ஆட்கள் வருகின்றனர். வாலோரத்தில் கரும்புள்ளி கொண்ட இது வட கரோலினாவின் மாநில மீன். புளூஃபிஷும் வஞ்சிர இனத்தைச் சேர்ந்த மீன்களும் தட்டைமீன்களும் கிடைக்கும். கரையில் நின்று நீண்ட கோலால் தூண்டிலை வீசி, கோலை மணலில் ஊன்றிய குழாயில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பதுதான் இங்கே பொழுது. பிடித்ததை அன்றே அடுப்பில் ஏற்றுவதும் குடில் வாழ்வின் பகுதி.

கோடையில் தங்குவது கடினம். நிழல்தரும் மரங்கள் அரிது. காற்று நின்றால் சதுப்பிலிருந்து கொசுவும் கண்ணுக்குத் தெரியாத கடிபூச்சியும் படையெடுக்கும். கடலில் உயிர்காப்பாளர் இல்லை. கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கியவர் எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாக நீந்தி விடுபட வேண்டும். அவசர உதவி கழியைக் கடந்துதான் வரவேண்டும் என்பதால், சிறு காயத்துக்கும் மருந்துப்பெட்டி உடனிருப்பது அவசியம்.

மே முதல் ஆகஸ்ட் வரை பெருந்தலை ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. ஆமைக்கூடுகளையும், மணலிலேயே முட்டையிடும் ஆலா, உப்புக்கொத்தி, சிப்பிபிடிப்பான் முதலிய பறவைகளின் இடங்களையும் கயிறுகட்டி மறித்திருப்பார்கள். ஷாக்கிள்ஃபர்டில் நூற்றுக்கும் சற்று அதிகமான காட்டுக் குதிரைகள் சட்டப் பாதுகாப்புடன் திரிகின்றன. தென் கோர் பேங்க்ஸின் தெற்கே, கறுப்பு வெள்ளைச் சாய்சதுரங்கள் தீட்டிய கேப் லுக்அவுட் கலங்கரை விளக்கம் நிற்கிறது. 1859-இல் கட்டிய அதன் உயரம் சுமார் 50 மீட்டர். சதுரங்கள் 1873-இல் தீட்டப்பட்டவை. அந்த வெளிச்சம் மின்னி மறைந்த பின் இருட்டு முழுமையானது. 2021-இல் இப்பகுதி பன்னாட்டு இருள்வானப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நிலவில்லாத இரவில் குடில் வாசலிலிருந்தே பால்வீதியைப் பார்க்கலாம்; இரவு தங்குபவருக்கு மட்டும் வாய்க்கும் காட்சி அது.

மீன்வரத்து மிகும் செப்டம்பரே சூறாவளிகளின் உச்சமும் ஆகும். எச்சரிக்கை வந்தால் முகாம் காலி செய்யப்படும்; படகு நிற்பதற்கு முன் எல்லோரும் கரை சேர வேண்டும். 2019 செப்டம்பர் 6 அன்று டோரியன் சூறாவளி ஹாட்டரஸ் முனையில் கரை தொட்டது. அழிவு வந்தது பலர் எதிர்பார்க்கும் கடற்புறத்திலிருந்து அல்ல. முதலில் கழிநீரைத் தென்மேற்கே உந்திய காற்று, புயலின் மையம் கடந்ததும் திசை மாறியது. குவிந்து நின்ற நீர் கழிப்புறத்திலிருந்து தீவின்மேல் பாய்ந்து, வட கோர் பேங்க்ஸை ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் அறுத்துக்கொண்டு கடலில் விழுந்தது. லாங் பாயிண்ட் முகாம் கடுமையாகச் சிதைந்து மூடப்பட்டது. கிரேட் ஐலண்டும் சேதமடைந்தது; அங்கே பழுதுபார்த்துப் பிறகு மீண்டும் ஆட்களைத் தங்கவைத்தனர். புயல் அறுத்த கால்வாய்கள் பலவற்றின் வாயை, அடுத்து வந்த வாரங்களிலும் மாதங்களிலும் அலைகளே மணல் கொண்டுவந்து மூடின. மூடிய கரைக்குப் பின்னால் பள்ளங்கள் குட்டைகளாகத் தேங்கி நின்றன.