கணக்கு டாலி ஆனது, கதவு திறக்கவில்லை

பழைய லெட்ஜரில் பக்கம் தீர்ந்துபோனால், புது லெட்ஜருக்குப் பாக்கித் தொகைகளை எடுத்து எழுதுவோம். ஒருவர் எழுத, இன்னொருவர் சரிபார்த்து இனிஷியல் போட வேண்டும். மொத்தத்தைக் கூட்டி, அது ஜெனரல் லெட்ஜரோடு ஒத்துப்போனால்தான் வீட்டுக்குக் கிளம்ப முடியும். என்னோடு வங்கியில் குப்பை கொட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1984-ல் ரங்கராஜன் கமிட்டி அறிக்கை வந்த பிறகு மெல்ல மெல்லக் கம்ப்யூட்டர்கள் கிளைகளுக்குள் நுழைந்தன. முதலில் கிளைக்குள்ளேயே ஒரு சர்வர் இருந்தது. 2000-க்குப் பிறகு கோர் பேங்கிங் என்று சொல்லி, எல்லாக் கிளைகளின் கணக்கையும் ஒரே மத்திய சர்வருக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் கிளையின் முறை ஒரு சனிக்கிழமை வந்தது. ஞாயிறு இரவு பத்து மணிக்கு மேல் மொத்தம் பைசா பிசகாமல் டாலி ஆனது. மேனேஜர் எல்லோருக்கும் காபி வரவழைத்தார்.

திங்கட்கிழமை காலை ஒரு வயதான அம்மா பணம் எடுக்க வந்தார். அவரும் கணவரும் சேர்ந்து வைத்திருந்த கணக்கு. இருவரில் யார் கையெழுத்திட்டாலும் போதும் என்பது ஏற்பாடு. புதுக் கம்ப்யூட்டரோ இருவரும் கையெழுத்திட வேண்டும் என்றது. கணவர் படுத்த படுக்கை. "பணம் இருக்குன்னு நீங்களே சொல்றீங்க, ஆனா தரமாட்டேங்கறீங்களே தம்பி?" என்று கேட்டார். ரெக்கார்டு ரூமில் தேடி, கணக்கு தொடங்கியபோது கொடுத்த பழைய விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தோம். தொகை சரியாக வந்திருந்தது. அந்த ஒரு குறிப்பு மட்டும் வழியில் விழுந்துவிட்டது. கூட்டல் சரியாக இருந்ததால் எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை.

அந்த அம்மா கேட்ட கேள்வியை 2018 ஏப்ரலில் இங்கிலாந்தில் லட்சக்கணக்கானோர் கேட்க நேர்ந்தது. அது டிஎஸ்பி என்ற வங்கியின் கதை.

1810-ல் ஸ்காட்லாந்தின் ருத்வெல் கிராமத்தில் ஹென்றி டங்கன் என்ற பாதிரியார் ஏழைகளுக்காக ஒரு சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். அந்த மரபில் வந்ததுதான் டிஎஸ்பி. 1995-ல் அது லாயிட்ஸ் வங்கியோடு இணைந்தது. 2008 நிதி நெருக்கடியில் லாயிட்ஸ் அரசின் பணத்தால் பிழைத்தது. அதற்குப் பதிலாகக் கிளைகளில் ஒரு பகுதியைப் பிரித்துவிட வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் நிபந்தனை போட்டது. அதனால் 2013 செப்டம்பரில் 631 கிளைகளோடு டிஎஸ்பி மறுபடியும் தனி வங்கியானது.

பெயர்தான் தனி. கணக்குகள் எல்லாம் லாயிட்ஸின் கம்ப்யூட்டர்களிலேயே இருந்தன. தனிக்குடித்தனம் போன மகன் மாதாமாதம் அப்பாவுக்கே வாடகை கொடுத்த கதைதான். 2015-ல் ஸ்பெயினின் சபாடெல் வங்கி டிஎஸ்பியை வாங்கியது. தன்னுடைய 'புரோட்டியோ' என்ற அமைப்பை இங்கிலாந்துக்கு ஏற்றபடி மாற்றி, கணக்குகளை அதற்குக் கொண்டுவரத் திட்டமிட்டது. முதலில் 2017 நவம்பர் என்றார்கள்; முடியவில்லை. கடைசியில் 2018 ஏப்ரல் 20, வெள்ளிக்கிழமை மாலை வேலை தொடங்கியது. சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்கள். பெரும்பகுதியை ஒரே வார இறுதியில் மாற்றிவிடுவது என்று முடிவு.

ஞாயிறு மாலை கதவைத் திறந்தார்கள். கணக்கு விவரங்கள் ஒழுங்காகவே வந்து சேர்ந்திருந்தன. ஆனால் வாடிக்கையாளர்கள் உள்ளே நுழைந்ததும் புது அமைப்பு தாங்கவில்லை. 19 லட்சம் பேர் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். சிலருக்கு வேறு யாருடைய கணக்கோ திரையில் தெரிந்தது. சந்தடி சாக்கில் மோசடிக்காரர்களும் புகுந்தார்கள். நிலைமை சீராக டிசம்பர் வரை ஆனது.

பிற்பாடு ஒரு சட்ட நிறுவனம் விசாரித்து விரிவான அறிக்கை கொடுத்தது. அதில் என் மனதில் நின்றவை இரண்டு. புது அமைப்பு இரண்டு தரவு மையங்களில் ஓட வேண்டும். கூட்டத்தைத் தாங்குமா என்ற சோதனையை ஒன்றில் மட்டுமே செய்திருந்தார்கள். அடுத்தது, முடிக்கும் தேதியை முதலில் குறித்துவிட்டு, வேலைகளைப் பின்னோக்கி அடுக்கியிருந்தார்கள். முகூர்த்தத்தைக் குறித்துவிட்டுப் பெண் பார்க்கப் போவதை நம் வீடுகளில் யாராவது ஒப்புவோமா? 'இன்னும் தயாராகவில்லை' என்று அங்கே ஒருவர் உரக்கச் சொல்லியிருந்தால் போதும். அந்த 19 லட்சம் பேர் தப்பித்திருப்பார்கள்.

தலைமை அதிகாரி பால் பெஸ்டர் அந்த ஆண்டு செப்டம்பரில் பதவி விலகினார். வங்கிக்கு ஆன செலவு 33 கோடி பவுண்டு. 2022 டிசம்பரில் அதிகாரிகள் விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல்.

எங்கள் கிளையில் ஒரு அம்மா, அங்கே 19 லட்சம் பேர். அளவு வேறு, பாடம் ஒன்றுதான். ஞாயிறு இரவு டாலி ஆவதோடு இடமாற்றம் முடிவதில்லை. திங்கட்கிழமை முதல் வாடிக்கையாளர் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு வெளியே போகும்போதுதான் முடிகிறது. எங்களுக்குக் கைகொடுத்தது ரெக்கார்டு ரூமில் கிடந்த ஒரு பழைய காகிதம்.

2017-லும் 2020-லும் நம் நாட்டில் பல அரசு வங்கிகள் இணைந்தன. உங்களில் பலருடைய கணக்கும் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபோயிருக்கும். பாக்கித் தொகை சரியாக இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். வாரிசு நியமனம் பதிவாகியிருக்கிறதா, கூட்டுக் கணக்கில் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்ற விவரம் சரியாக இருக்கிறதா என்று ஒரு நடை போய்க் கேட்டு வாருங்கள். பழைய பாஸ்புக்கையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.