வெடிச் சத்தத்துக்கு ஒரு பாஸ்புக்

போன மாதம் ஆபீஸ் வேலையாக டொரண்டோவில் இருந்து ராச்செஸ்டர் போக வேண்டியிருந்தது. ஒண்டாரியோ ஏரிக்கு இந்தக் கரையில் நாங்கள், அந்தக் கரையில் அமெரிக்காவின் ராச்செஸ்டர். நேராக நீந்திப் போனால் பக்கம்தான் :-) ஏரியைச் சுற்றிக் கார் ஓட்டினால் மூன்று மணி நேரத்துக்கு மேல். போகும் ஊரைப் பற்றி நாலு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்வது என் பழக்கம். அப்படித் தேடியபோது கண்ணில் பட்டதுதான் இந்தப் பதிவின் விஷயம். ராணுவ வீரர்கள் உடம்பில் மாட்டிக்கொள்ளும், வெடி அதிர்ச்சியை அளக்கும் ஒரு சின்னக் கருவி. அந்த ஊர் தொழில்நுட்பக் கல்லூரியான ஆர்.ஐ.டி.யில் டேவிட் போர்க்ஹோல்டர் என்ற பேராசிரியரின் குழு உருவாக்கியது.

பேங்க்காரனுக்கும் வெடிகுண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. என் அம்மா பிறந்த ஊர் கோபிநத்தம்.

பேரைச் சொன்னதும் பலருக்கு ஒரு மீசைதான் ஞாபகம் வரும். வீரப்பன் பிறந்த ஊரேதான். மேட்டூரில் பஸ் ஏறி, கொளத்தூர், கோவிந்தபாடி தாண்டி, பாலாறு செக்போஸ்ட்டில் கர்நாடகத்துக்குள் நுழைந்தால், காவிரியை ஒட்டிக் காட்டுக்குள் போகும் பாதையில் இருக்கிறது. தமிழ் பேசும் ஊர். சின்ன வயதில் நான் போனபோது மைசூர் மாவட்டம். 1997-ல் சாம்ராஜ்நகரைப் பிரித்த பிறகு அந்த மாவட்டம். அங்கேதான் என் மாமா இருந்தார். கிணறு வெட்டும் வேலை. கம்ப்ரசர் வண்டியோடு ஊர் ஊராகப் போய், பாறையில் குழி போட்டு, தோட்டா வைத்து, திரி கொளுத்திவிட்டு மேலே ஏறி ஓடி வருகிற வேலை. அவரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

1993 ஏப்ரல் 9. புனித வெள்ளி. பள்ளிக்கூடம் லீவு என்பதால் கொளத்தூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் விளையாடிக்கொண்டிருந்தோம். சாயந்திரத்துக்குள் செய்தி ஊருக்குள் பரவிவிட்டது. பாலாறு பக்கம் சொரக்காமடுவில் வீரப்பன் ஆட்கள் பாதையில் கண்ணிவெடி புதைத்து வைத்து, தமிழ்நாட்டு போலீஸ் அதிகாரி 'ராம்போ' கோபாலகிருஷ்ணன் போன வண்டியை வெடிக்க வைத்துவிட்டார்கள். 22 பேர் சாவு. செத்தவர்களில் போலீஸ்காரர்களைவிட, தகவல் சொல்லக் கூட்டிப் போயிருந்த ஆட்களும் வனக்காவலர்களும்தான் அதிகம். கோபாலகிருஷ்ணன் பலத்த காயத்தோடு பிழைத்தார்.

அதற்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2001-ல் மைசூர் தடா கோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்த நான்கு பேருக்கு, 2004-ல் சுப்ரீம் கோர்ட் அதைத் தூக்கு தண்டனையாக்கியது. அதே வருடம் அக்டோபரில் வீரப்பன் பாப்பாரப்பட்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2013-ல் கருணை மனு நிராகரிப்பு. 2014 ஜனவரியில், தாமதத்தைக் காரணம் காட்டி, சுப்ரீம் கோர்ட்டே தூக்கை ஆயுளாகக் குறைத்தது. செத்தவர்களின் கணக்கு, குற்றவாளிகளின் கணக்கு இரண்டும் ஃபைலில் துல்லியமாக இருக்கின்றன. அந்த வெடிக்குப் பக்கத்தில் இருந்து பிழைத்தவர்கள் உடம்பில் எவ்வளவு வாங்கினார்கள் என்பதற்கு மட்டும் கணக்கு கிடையாது. அன்றைக்கு அதை அளக்க யாரிடமும் ஒரு கருவி இல்லை.

வெடி ஆளை எப்படி அடிக்கிறது என்று படித்துத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டாக்டர்கள் நாலு வகையாகப் பிரிக்கிறார்கள். சிதறி வரும் ஆணி, கல், இரும்பு குத்துவது ஒன்று. ஆளைத் தூக்கி எறிந்து எலும்பு முறிவது ஒன்று. தீக்காயம், புகை ஒன்று. இந்த மூன்றும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் முதல் அடி காற்றுதான். சாதாரணமாகவே காற்று நம்மை ஒரு சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு அழுத்திக்கொண்டிருக்கிறது. வெடித்தவுடன் அதற்கு மேல் கூடுதல் அழுத்தம் ஒரு சுவர் மாதிரி, சத்தத்தைவிட வேகமாக, சில மில்லி செகண்டில் உடம்பைக் கடந்துவிடும். காது, நுரையீரல், குடல் என்று காற்று இருக்கும் இடங்களை முதலில் தாக்கும். கூடுதல் அழுத்தம் 5 பவுண்டைத் தொட்டாலே செவிப்பறை கிழியலாம். மூளைக்கு என்ன ஆகும்? வெளியே ஒரு கீறல் இருக்காது. ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. தலைவலி, தூக்கமின்மை, மறதி, காரணமில்லாத கோபம்... இதெல்லாம் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் மெல்ல வரும்.

இது புதுப் பிரச்சினை இல்லை. முதல் உலகப் போரில் சார்லஸ் மையர்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் 1915 பிப்ரவரியில் லான்செட் இதழில் 'ஷெல் ஷாக்' என்று எழுதினார். குண்டு பக்கத்தில் விழுந்து, உடம்பில் காயமே இல்லாமல், பார்வையும் ஞாபகமும் தடுமாறிய மூன்று வீரர்களைப் பற்றி. கூட்டம் கூட்டமாக ஆட்கள் அப்படி வரவும் ராணுவம் என்ன செய்தது தெரியுமா? லெட்ஜரில் இரண்டு காலம் போட்டது. எதிரியின் குண்டால் வந்தது என்றால் 'டபிள்யூ', அதாவது காயம். மற்றபடி வந்தது என்றால் 'எஸ்', அதாவது நோய். 'டபிள்யூ' என்றால் போரில் காயம்பட்டவன் என்ற மரியாதை, பென்ஷன். 'எஸ்' என்றால் அதெல்லாம் கிடையாது. குண்டு நிஜமாகவே பக்கத்தில்தான் விழுந்ததா என்று அவன் படைப்பிரிவு அதிகாரி ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த அதிகாரி அதற்குள் செத்துப் போயிருந்தால்? 1917-ல் 'ஷெல் ஷாக்' என்ற வார்த்தையையே எழுதக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள்.

இருபது வருடமாக வவுச்சரும் கையுமாக இருக்கிறவன் என்பதால், இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. ஆள் கண் முன்னால் நடுங்கிக்கொண்டு நிற்கிறான், இவர்கள் சாட்சிக் கையெழுத்து கேட்கிறார்கள்!

அந்தச் சாட்சிக் கையெழுத்தைப் போடத்தான் ராச்செஸ்டர் கருவி வந்தது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் சாலையோரக் குண்டுகளில் சிக்கி, வெளிக்காயம் இல்லாமல் மூளை பாதித்து வந்தவர்கள் ஏராளம். அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்ப்பா பணம் போட, 'பிளாஸ்ட் கேஜ்' என்ற இந்தக் கருவி 2011 வாக்கில் ஆப்கானிஸ்தானுக்குப் போனது. ஒரு ஆளுக்கு மூன்று. ஹெல்மெட்டின் பின்னால் ஒன்று, தோளில் ஒன்று, நெஞ்சில் ஒன்று. வெடி எந்தப் பக்கம் இருந்து வரும் என்று தெரியாது, ஒரு பக்கத்தை உடம்பே மறைத்துக்கொள்ளும் என்பதால் மூன்று. அழுத்தத்தையும் குலுக்கலையும் தானாகவே பதிவு செய்யும். பட்டனை அழுத்தினால் பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு எரிந்தால் டாக்டரிடம் போ.

நல்ல யோசனைதானே? ஆனால் 2016-ல் அமெரிக்க ராணுவம் இதைப் பரவலாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டது. ஒருவனுக்கு மூளை அதிர்ச்சி ஏற்பட்டதா இல்லையா என்பதை இந்த எண்ணை வைத்து நம்பிச் சொல்ல முடியவில்லை என்றார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. இத்தனை அழுத்தத்துக்கு இத்தனை பாதிப்பு என்று சொல்லும் அட்டவணை யாரிடமும் இல்லை. ஆனால் பெட்டியில் போட்டு மூடுவதற்குள் அந்தக் கருவிகள் யாரும் எதிர்பார்க்காத ஒன்றைக் காட்டிவிட்டன. அழுத்தம் எதிரியின் குண்டிலிருந்து மட்டும் வரவில்லை. சொந்த ஆயுதத்திலிருந்தே வந்தது. பயிற்சியில் கனரக ஆயுதங்களைச் சுடும்போது சுடுகிறவன் தலைமேலேயே அலை அடிக்கிறது. அதில் முக்கியமானது தோளில் வைத்துச் சுடும் 84 மி.மீ. கார்ல் குஸ்தாஃப். ஸ்வீடன் சரக்கு. நம்ம திருச்சி ஆர்டனன்ஸ் தொழிற்சாலையிலும் இது தயாராகிறது. நம் வீரர்களும் தோளில் வைத்துச் சுடுவதுதான்.

அதே 2016-ல் டேனியல் பெர்ல் என்ற டாக்டரின் குழு, வெடிக்கு ஆளாகி இறந்த ராணுவத்தினரின் மூளைகளை நுண்ணோக்கியில் பார்த்தது. மூளையின் சாம்பல் பகுதியும் வெள்ளைப் பகுதியும் சேரும் இடங்களில், வேறு எந்த நோயிலும் பார்க்காத மாதிரித் தழும்புகள். ஸ்கேனில் தெரியாதது அங்கே இருந்தது. அளப்பது வீண் வேலை இல்லை என்று பிறகு மெல்லப் புரிந்தது. 2024 ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 4 பவுண்டை எச்சரிக்கை அளவாக வைத்து, அதற்கு மேல் போகக்கூடிய பயிற்சிகளைக் கட்டுப்படுத்தவும், படையில் சேரும்போதே ஞாபகசக்தி முதலியவற்றைச் சோதித்துப் பதிவு செய்துவைக்கவும் உத்தரவு போட்டது. எங்கள் பாஷையில் சொன்னால் ஓப்பனிங் பேலன்ஸ். அது இல்லாமல் எவ்வளவு குறைந்தது என்று யார் சொல்ல முடியும்?

இனி மாமா. முப்பது வருடம் வேட்டு வைத்தவர். ஐம்பது வயதில் காது முக்கால்வாசி போய்விட்டது. அதைக்கூடச் சமாளித்தார். ஆனால் மனுஷன் மாறிவிட்டார். எங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனவர், ஒரு டம்ளர் கீழே விழுந்தால் வீட்டையே இரண்டாக்குவார். ராத்திரி தூங்க மாட்டார். "மாமனுக்குக் குடி" என்றார்கள். "காத்துக் கருப்பு" என்றார்கள். ஒருமுறை லீவில் போனபோது, "காதுலதான மாமா கோளாறு?" என்று சத்தமாகக் கேட்டேன். "காதுல அடிக்கிறது சத்தம் மாப்ள. வேட்டு நெஞ்சுல அடிக்கும். அடிச்சுட்டு மண்டைக்குள்ள போயி உக்காந்துக்கும்" என்றார். எட்டாவது தாண்டாத மனுஷன் சொன்னதைத்தான் நான் இத்தனை வருடம் கழித்து இங்கிலீஷில் படித்துக்கொண்டிருக்கிறேன்.

உதவித்தொகைக்கு அவருக்கு மனு எழுதிக் கொடுத்தது நான்தான். அலுவலகத்தில் கேட்டார்கள்: எந்தத் தேதி, எந்த வெடி, யார் சாட்சி? ஒரு வெடி என்றால் சொல்லலாம். ஆயிரக்கணக்கான வெடிக்கு எந்தத் தேதியை எழுதுவது? மனு திரும்பி வந்தது. மாமா 2012-ல் போய்ச் சேர்ந்தார். அவருக்கு வந்தது வேட்டினால்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. அப்படி இல்லை என்று சொல்லவும் யாரிடமும் ஒரு காகிதம் இல்லையே.

எங்கள் தொழிலில் ஒரு செக் திரும்பியதை வைத்து ஆளை எடை போட மாட்டோம். பத்து வருட ஸ்டேட்மெண்டைப் பார்ப்போம். வெடியும் அப்படித்தான். இன்றைய எண்ணுக்கு இன்று அர்த்தம் தெரியாமல் இருக்கலாம். அதற்காகப் பதிவே வேண்டாம் என்றால், அர்த்தம் தெரியவரும் நாளில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர் சட்டையில் ஒரு பட்டை குத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கதிர்வீச்சை அவருக்காகக் கணக்கு வைக்கும் பட்டை அது. அதை இன்றைக்கு யாரும் வீண் செலவு என்று சொல்வதில்லை. ராணுவ வீரனுக்கு, கண்ணிவெடி எடுப்பவனுக்கு, கல்குவாரியில் வேட்டு வைப்பவனுக்கு அந்த மாதிரி ஒரு பாஸ்புக் ஏன் கூடாது?

ராச்செஸ்டரில் வேலை முடிந்து ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் நின்றேன். அக்கரை தெரியவில்லை. மேட்டூர் அணை நிரம்பும்போது கோபிநத்தம் பக்கத்தில் தண்ணீர் இப்படித்தான் கடல் மாதிரி நிற்கும், மாமா கரையில் உட்கார்ந்து பீடி பிடிப்பார்.

பி.கு: உங்கள் வீட்டிலும் வேட்டு வைத்தவர்கள், ராணுவத்தில் இருந்தவர்கள் இருந்தால், காதைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். தூக்கம் எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். யாராவது ஒருவர் குறித்து வைக்கட்டும்.