நோக்கமும் விளைவும்: அமெரிக்க மிசனின் யாழ்ப்பாணப் பணி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மனிதர் தம் செயல்களுக்கு இலக்குகளை வகுத்துக்கொள்கின்றனர். சமயத்தில் ஓர் இலக்கு, கல்வியில் வேறோர் இலக்கு, தொழிலில் மற்றோர் இலக்கு என அவை துறைதோறும் வேறுபடும். ஆயின் ஒரு துறைக்கென வகுக்கப்பட்ட இலக்கு பெரும்பாலும் அத்துறையின் எல்லைக்குள் நின்றுவிடுவதில்லை. சமயத்துக்காகத் தொடங்கப்பட்டது கல்வியில் விளைகின்றது. கல்விக்காகத் தொடங்கப்பட்டது உத்தியோகத்தில் சென்று முடிகின்றது. இவ்வாறு நோக்கமும் விளைவும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் செல்வதற்குக் காரணம் யாது என்பது வரலாற்று மாணவர் சிந்திக்கவேண்டிய வினாக்களுள் ஒன்றாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசன் ஆற்றிய பணி இவ்வினாவை ஆராய்வதற்கு மிகப் பொருத்தமானதோர் எடுத்துக்காட்டு எனலாம்.

இம்மிசனைப் பற்றி நம்மிடையே இருவகைக் கணிப்புகள் நிலவுகின்றன. கல்வி, மருத்துவம், அச்சு, அகராதி ஆகியவற்றைச் சுட்டிக்காட்டி மிசனரிமாரைத் தமிழுக்குத் தொண்டாற்றிய பெருமக்களாகப் போற்றுவது ஒன்று. அவர்தம் நோக்கம் மதமாற்றமே என்பதைச் சுட்டிக்காட்டி அவர் செய்தன யாவும் பண்பாட்டு ஆக்கிரமிப்பு எனத் தள்ளுவது மற்றொன்று. முன்னையது விளைவைக் கொண்டு நோக்கத்தை உயர்த்துகின்றது. பின்னையது நோக்கத்தைக் கொண்டு விளைவைத் தாழ்த்துகின்றது. இரண்டும் ஒரே எடுகோளிலிருந்தே புறப்படுகின்றன. செயலைத் தொடங்கியவரே அதன் விளைவையும் தீர்மானிக்கின்றார் என்பதே அவ்வெடுகோள். அது எத்துணைப் பொருந்தும் என்பதைச் செய்திகளைக் கொண்டே நோக்குதல் வேண்டும்.

டானியல் பூவர், பெஞ்சமின் மெய்க்ஸ், எட்வேட் வாறன், ஜேம்ஸ் றிச்சேட்ஸ் முதலியோர் 1816 இல் இலங்கையை வந்தடைந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தம் பணியைத் தொடங்கினர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துத் தேவாலயக் கட்டடங்கள் அவர்களின் நிலையங்களாயின. தொடர்ந்து உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் ஆகிய இடங்களிலும் நிலையங்கள் எழுந்தன. 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824 இல் உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலையும் நிறுவப்பட்டன. செமினரியின் இலக்கு தெளிவானது. சுதேச போதகர்களையும் ஆசிரியர்களையும் உருவாக்கி, அவர்கள் மூலம் கிறித்தவத்தை மக்களிடையே பரப்புவதே அது. உடுவிற் பாடசாலையின் இலக்கும் இதனோடு இணைந்ததே. படித்த கிறித்தவ இளைஞருக்கு ஏற்ற கிறித்தவ வாழ்க்கைத் துணைவியரை உருவாக்குவதும் அதன் நோக்கங்களுள் ஒன்றாயிருந்தது.

மிசனரிமாருக்கு இலக்கு இருந்தது போலவே, பிள்ளைகளை அனுப்பிய பெற்றோருக்கும் ஓர் இலக்கு இருந்தது என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். அவர் வேண்டியது கல்வி. சிறப்பாக ஆங்கிலக் கல்வி. வட்டுக்கோட்டையில் தொடக்க காலத்து மாணவர் கிறித்தவக் கூரையின் கீழ் உணவருந்த மறுத்தமையால், அயலிலிருந்த சைவர் ஒருவரின் காணியில் அவர்களுக்கெனச் சமையற்கூடம் அமைக்க வேண்டியிருந்தது. பாடத்தைப் பெறுவோம், ஆசாரத்தை விடோம் என்பதே இதன் பொருளாகும். அமெரிக்காவிலிருந்து பணம் உதவிய கொடையாளரின் பெயர்கள் மாணவருக்குச் சூட்டப்பட்டன. அப்பெயர்களையும் அவர்கள் ஏற்றனர். எனினும் பெயரை ஏற்றவர் யாவரும் சமயத்தை உறுதியாக ஏற்றனர் எனக் கொள்வதற்கில்லை. ஒரே நிறுவனத்துக்குள் இருவேறு இலக்குகள் ஒன்றையொன்று பயன்படுத்திக்கொண்டு அருகருகே இயங்கின.

அறிவியற் போதனையிலும் இந்நிலையைக் காணலாம். செமினரியிற் கணிதமும் வானியலும் சிறப்பாகக் கற்பிக்கப்பட்டன. 1829 இல் நிகழ்ந்த கிரகணமொன்றின்போது யாழ்ப்பாணப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரின் கணிப்புக்கும் பூவரின் கணிப்புக்குமிடையே வேறுபாடு காணப்பட்டது. பூவரின் கணிப்பே சரியாயிற்று. பஞ்சாங்கம் பிழைத்தால் அதனைச் சார்ந்த சமயமும் ஆட்டங்காணும் என மிசனரிமார் எதிர்பார்த்தனர். கற்றோர் புதிய கணிதத்தை விரும்பிக் கற்றனர். ஆயின் பஞ்சாங்கமும் கோயிலும் சமூகத்தில் தம் இடத்தை இழக்கவில்லை. ஒரு துறையிற் பெற்ற வெற்றி அடுத்த துறைக்குத் தானாகச் சென்று சேரவில்லை என்பதை இது காட்டுகின்றது.

இதற்கிடையில் அரசியற் சூழ்நிலை பெற்றோரின் இலக்குக்கு வலிமை சேர்த்தது. 1833 இல் நடைமுறைக்கு வந்த கோல்புறூக்-கமரன் சீர்திருத்தங்களின் பின் ஆங்கிலம் கற்ற சுதேசிகளுக்கு அரசாங்க சேவையிற் கீழ்நிலைப் பதவிகள் கிடைக்கும் வாய்ப்பு விரிந்தது. ஆறுகளற்ற, கிணற்றுநீரை நம்பிய, நிலம் துண்டுபட்டுச் சிறுத்துக்கொண்டு சென்ற ஒரு குடாநாட்டுக்கு இவ்வாய்ப்பு எத்துணை முக்கியமானது என்பதை விளக்க வேண்டியதில்லை. குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமேர்சன் ரெனன்ற் 1850 இல் வெளியான தமது நூலில், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது எனச் செமினரியின் தரத்தைப் பாராட்டினார். அரசாங்கத்தின் கண்ணிலும் பெற்றோரின் கண்ணிலும் அது வெற்றி பெற்ற நிறுவனமாகவே விளங்கியது.

ஆயின் அதனை நிறுவியோரின் கண்ணில் அது தோல்வியாயிற்று. மிசன் தலைமையகத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் 1855 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து நிலைமையை நேரிற் பரிசீலித்தார். மிசனின் பணம் போதகரை உருவாக்கவே செலவிடப்பட வேண்டும், அதுவும் மக்களின் மொழியிலேயே நிகழவேண்டும் என்பது அவரது கொள்கை. ஆங்கிலம் கற்ற மாணவரோ பிரசங்கத்தை விட்டு உத்தியோகத்தை நாடினர். அவ்வாண்டிலேயே செமினரி மூடப்பட்டது. நிறுவனமொன்று சீர்குலைந்தமையாலன்றி, தனக்கு விதிக்கப்படாத வேறோர் இலக்கை நன்கு நிறைவேற்றியமையாலேயே மூடப்பட்டது என்பதுதான் இந்நிகழ்ச்சியின் சிறப்பாகும். அண்டர்சனின் தருக்கத்திற் குற்றம் காண்பது அரிது. நோக்கத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் அவர் முடிவு சரியானதே. ஆனால், அவ்வளவுகோலுக்குள் அடங்காதன எத்தனையோ அதற்குள் விளைந்துவிட்டிருந்தன.

1857 இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் செமினரியிற் கற்றவர்களே. 1841 இல் மிசன் தொடங்கிய ‘உதயதாரகை’ப் பத்திரிகையின் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் அங்கு பயின்ற தமிழரே. தாமோதரம்பிள்ளையின் வரலாறு இன்னும் கருத்தூன்றத்தக்கது. கிறித்தவப் போதகரை உருவாக்க எழுந்த கல்லூரியிற் கற்ற அவர் சைவராக வாழ்ந்து, வீரசோழியத்தை 1881 இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885 இலும், கலித்தொகையை 1887 இலும் அச்சேற்றினார். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் தேரும் அவரது உழைப்புக்குச் செமினரிக் கல்வி தந்த பயிற்சியும் ஒரு காரணமாகும். இவ்விளைவைப் பூவரும் எண்ணியிருக்கமாட்டார்; அண்டர்சனும் கணக்கிற் சேர்த்திருக்கமாட்டார்.

அச்சு, அகராதி ஆகியவற்றின் கதையும் இத்தகையதே. மானிப்பாயில் இயங்கிய மிசன் அச்சகத்தின் முதன்மையான பணி வேதாகமப் பகுதிகளையும் துண்டுப்பிரசுரங்களையும் அச்சிடுவதாகும். அத்துண்டுப்பிரசுரங்கள் சைவத்தைக் கண்டித்தன. அக்கண்டனமே சைவரையும் அச்சியந்திரத்தை நாடத் தூண்டியது. வெஸ்லியன் மிசன் பாடசாலையிற் கற்று, பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைபுரிந்த ஆறுமுக நாவலர், 1848 இல் அத்தொடர்பை விட்டு வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அடுத்த ஆண்டிற் சென்னை சென்று அச்சியந்திரமொன்றை வாங்கிவந்தார். பாடசாலை, பிரசங்கம், வினாவிடை நூல், துண்டுப்பிரசுரம் என மிசனரிமார் கையாண்ட கருவிகள் அனைத்தும் சைவ மறுமலர்ச்சியின் கருவிகளாயின. நல்லூரில் நைற் பாதிரியார் தொடங்கிய சொற்றொகுப்புப் பணி, பலர் கைமாறி, மைரன் வின்சிலோவின் தமிழ்-ஆங்கில அகராதியாக 1862 இற் சென்னையில் வெளிவந்தது. மிசனரிமார் தமிழைக் கற்றுப் பிரசங்கிக்க வேண்டுமென்பதற்காகத் தொடங்கப்பட்ட அது அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டு, பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிக்கு அடிப்படைகளுள் ஒன்றாயிற்று.

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, நோக்கம் எதுவாயினும் நல்விளைவு தானே வந்து சேரும் என எவரும் முடிவுசெய்தல் ஆகாது. அதற்கு மறுதலையான சான்று மானிப்பாயிலேயே உண்டு. 1847 இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் முதலில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். அவரிடம் கற்றோர் அரசாங்க சேவையை நாடிக் குடாநாட்டை விட்டுச் செல்வதைக் கண்ட அவர், தம் மாணவர் தம் கிராமங்களிலேயே தங்கிப் பணிபுரிய வேண்டுமென விரும்பி, 1864 முதல் தமிழிற் கற்பிக்கலானார். இரணவைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் உட்பட, அவரும் அவர் மாணவரும் உருவாக்கிய தமிழ் மருத்துவ நூல்கள் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களைக் கொண்டவை. அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் மருத்துவம் கற்றனர். ஆயினும் 1873 இல் அவர் நாடு திரும்பிய பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நீடிக்கவில்லை. 1870 இற் கொழும்பில் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்திற் கற்பித்தது. அரசாங்க சேவைக்குரிய வாயிலும் அதுவே.

செமினரியையும் கிறீனின் முயற்சியையும் ஒருங்கு வைத்து நோக்கும்போது உண்மை புலனாகின்றது. முன்னையதில் நிறுவியோரின் இலக்கு தோற்றுக் கல்வி வென்றது. பின்னையதில் தமிழுக்கு உகந்த இலக்கே தோற்றது. இவ்விரண்டையும் தீர்மானித்த சக்தி ஒன்றே. ஆங்கிலத்தின் வழியே உத்தியோகம் என்ற சமூகத்தின் இலக்கே அது. அவ்விலக்கோடு இணைந்த முயற்சி, தொடங்கியவர் கைவிட்ட பின்னும் உயிர்த்தது. செமினரி மூடப்பட்ட பின் ஊர்மக்களும் பழைய மாணவரும் இடைவிடாது முயன்றதன் பேறாகவே 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி வட்டுக்கோட்டையில் எழுந்தது. அவ்விலக்கோடு இணையாத முயற்சி, தொடங்கியவர் சென்றதும் தளர்ந்தது. எனவே விளைவு என்பது கொடுப்போரின் நோக்கத்தால் மட்டும் ஆவதன்று. பெறுவோர் எதனை எடுத்துக்கொள்கின்றனர், எதனை விட்டுவிடுகின்றனர் என்பதனாலும் அது ஆகின்றது.

இம்முடிவு நமக்குப் பெருமை தருவதாகத் தோன்றலாம். ஆயின் அது பொறுப்பையும் நம்மீதே சுமத்துகின்றது. விளைவிற் பங்குண்டெனின் குறையிலும் பங்குண்டு. கல்வியைத் தேர்ந்தெடுத்து ஏற்ற சமூகம் அதனை எல்லோருக்கும் உரியதாக ஏற்கவில்லை. தாழ்த்தப்பட்டோர் எனக் கருதப்பட்டோர் அவ்வாயிலுக்கு வெளியிலேயே பெரும்பாலும் நிறுத்தப்பட்டனர். நாவலரின் கல்வி முயற்சியும் சாதி வரம்பைக் கடந்து செல்லவில்லை. 1930 ஐ அண்டிய ஆண்டுகளிற் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்படுவதற்கே கடும் எதிர்ப்பு எழுந்தது. அதே காலத்தில், யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியரான ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் முன்னின்ற வாலிபர் காங்கிரஸ் சாதியொழிப்பையும் தாய்மொழிக் கல்வியையும் தன் இலக்குகளாக வகுத்தது. கிறீனின் தமிழ் இலக்கு அரை நூற்றாண்டின் பின் வேறொரு வடிவில் மீண்டமையை இங்கு காணலாம்.

உத்தியோகம் என்ற ஒற்றை இலக்கின் பின்விளைவும் எண்ணத்தக்கது. அரசாங்க சேவையையே பெரிதும் நம்பி வளர்ந்த ஒரு மத்தியதர வர்க்கம், 1956 இன் அரசகரும மொழிச் சட்டத்தாலும், 1970 களின் தொடக்கத்திற் பல்கலைக்கழக அனுமதியில் நடைமுறைக்கு வந்த தரப்படுத்தலாலும் நிலைகுலைந்தது. அநீதி அச்சட்டத்திலும் அம்முறையிலும் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வடி அத்துணை ஆழமாக விழுந்தமைக்கு, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நம் கல்வி ஒரே வாயிலை நோக்கியே நடந்தமையும் ஒரு காரணமன்றோ?

இன்று நம் பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு பாடத்திட்டமும் எதிர்பார்க்கப்படும் கற்றல் விளைவுகள் எனும் பட்டியலோடு தொடங்குகின்றது. கலைப்பீடத்துப் பாடங்கள் எத்தனை பேருக்குத் தொழில் தேடித்தந்தன என்ற வினாவும் ஓயாது எழுப்பப்படுகின்றது. இலக்குகளை வகுப்பது தவறன்று. இலக்கின்றிச் செய்யும் செயல் சிதறும். ஆனால் முன்கூட்டி எழுதப்பட்ட பட்டியலில் இல்லாதது விளைவே அன்று எனக் கொள்வோமாயின், 1855 இல் அண்டர்சன் செய்த கணக்கையே நாமும் செய்தவராவோம். அக்கணக்கில் கலித்தொகைப் பதிப்புக்கு இடமில்லை.

1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பட்டபோது, அதன் விஞ்ஞான வகுப்புகள் தொடக்கத்தில் நடைபெற்றது வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியிலேயாகும். இலக்குத் தவறியது என நூற்றுப்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் செமினரி மூடப்பட்ட அதே ஊரிற் பல்கலைக்கழகக் கல்வி மீண்டும் தொடங்கியது. கல்வி நிறுவனமொன்றின் பயனைக் கணிக்க முற்படுவோர் அதன் நிறுவுனர் எதனை எழுதிவைத்தனர் என்பதோடு நின்றுவிடாமல், அங்கு வந்து கற்றோர் அதனைக் கொண்டு எதனைச் செய்தனர், யாரை வெளியே நிறுத்தினர் என்பவற்றையும் சேர்த்தே கணிக்க வேண்டும்.